ஆறில்லாத ஊரில் ஒரு படகு

மார்ச் 3

சின்னவளுக்கு,

இதை வீட்டு முகவரிக்கு அனுப்பவில்லை. அனுப்பினால் யார் பிரிப்பார் என்று உனக்குத் தெரியும். நீ வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடைக்கே அனுப்புகிறேன். அந்தக் கடை எனக்கு எப்படித் தெரியும் என்று யோசிப்பாய். என் கணவர் தொலைதூரப் பேருந்து ஓட்டுகிறவர். போன மாதம் உங்கள் ஊர் நிலையத்தில் அவருடைய கண்ணாடி விழுந்து உடைந்துவிட்டது. பக்கத்துக் கடையில் புதிது போட்டுக்கொண்டு வந்தார். "அளவு பாத்த பொண்ணு சிரிக்கும்போது வாயைக் கையால மூடிக்குது. நீ மூடிக்கிற மாதிரியே" என்றார். கண்ணாடிக் கூட்டின் மேல் கடையின் முகவரி இருந்தது. நீதான் என்று அப்போதே தெரிந்துவிட்டது.

எனக்கு ஒரு பெண் இருக்கிறாள். ஆறு வயது. உருண்டையாக இருப்பதால் நாங்கள் பட்டாணி என்று கூப்பிடுகிறோம். போன ஞாயிற்றுக்கிழமை சமையலறையிலிருந்து வெளியே வந்தபோது அவள் கூடத்துச் சுவரைப் பார்த்தபடி நின்றிருந்தாள். கைகளைப் பின்னால் கட்டியிருந்தாள். தரையில் பால் கொட்டிக் கிடந்தது.

"யாரு உன்னை அங்க நிக்கச் சொன்னது?" என்றேன்.

"யாரும் சொல்லல. நானே வந்து நின்னுக்கிட்டேன்."

சின்னவளே, நான் அவளை அடித்ததே இல்லை. அதட்டியதுகூட இல்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். நேற்று முழுவதும் யோசித்துப் பார்த்தேன். அதட்ட மாட்டேன். ஏதாவது சிந்தினால், உடைந்தால், பேசாமல் அவளைப் பார்ப்பேன், அவ்வளவுதான். யாருடைய பார்வை அது என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இதைச் சொல்ல எனக்கு வேறு யாரும் இல்லை. ஒரு வரி எழுது. திட்டியாவது எழுது.

அக்கா

மார்ச் 19

நூல் வாங்கப் போன அக்காவுக்கு,

நூல் கிடைத்துவிட்டதா? ஒன்பது வருடமாகக் கடையிலேயே நிற்கிறாயே, கால் வலிக்கவில்லையா?

"கருப்பு நூல் தீந்துபோச்சு, அஞ்சு நிமிஷத்துல வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுப் போனாய். எனக்குப் பதினாறு வயது. ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். ஏழு மணி ஆயிற்று. அப்பா நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். நாம் இருவரும் அவர் எதிரில் நின்று, விடிந்ததிலிருந்து என்ன செய்தோம் என்று ஒவ்வொரு மணியாக ஒப்பிக்கும் நேரம். அன்று நான் மட்டும் நின்றேன்.

"பெரியவ எங்க?"

"நூல் வாங்கப் போயிருக்கா."

"எத்தனை மணிக்கு?"

"மூணேகாலுக்கு."

"இப்ப மணி என்ன?"

அவர் கத்தவில்லை. எப்போது கத்தியிருக்கிறார்? கத்தியிருந்தால் பக்கத்து வீட்டிலிருந்து யாராவது எட்டிப் பார்த்திருப்பார்கள். மறுநாள் காலையில் திருப்புளியோடு வந்து நம் அறையின் தாழ்ப்பாளைக் கழற்றினார். தெருப்பக்க ஜன்னலுக்கு ஆணி அடித்தார். "பாய்லர்ல ஒரு நட்டு தளர்ந்தா போதும். வீடும் அப்படித்தான்" என்றார். ஊரில் உள்ள பாய்லர்களையெல்லாம் சோதிக்கிற இன்ஸ்பெக்டர் சொன்னால் மறுபேச்சு ஏது? தளர்ந்துபோன நட்டு நீ. அதற்கும் சேர்த்து முறுக்கப்பட்டவள் நான்.

இந்த வேலைக்கு எப்படி விட்டார் என்று கேள். அவருடைய அலுவலக மாடியிலிருந்து பார்த்தால் எங்கள் கடை தெரியும். கடையிலிருந்து வீட்டுக்குப் பதினெட்டு நிமிடம். அவரே நடந்து பார்த்து வைத்த அளவு. இருபது ஆனால் அந்த இரண்டு எங்கே போனது என்று ஏழு மணிக்குச் சொல்ல வேண்டும்.

எனக்குப் பொய் சொல்ல வராது. உனக்கு வரும், அதனால் நீ தப்பித்தாய். நான் வேறொன்று பழகிக்கொண்டேன். சொல்லும்படியாக எதையும் செய்வதில்லை. எந்தத் தெருவிலும் நிற்பதில்லை, யாரோடும் சிநேகம் இல்லை. போன வருடம் ஒருநாள் கடை வாசலில் ஆலங்கட்டி மழை பெய்தது. எல்லோரும் வெளியே ஓடினார்கள். நான் உள்ளேயே லென்ஸ் துடைத்துக்கொண்டிருந்தேன். பார்த்தால் சொல்ல வேண்டுமே.

உன் பெண் சுவரைப் பார்த்து நின்றதற்கு என்னிடம் ஆறுதல் கேட்காதே. என்னிடம் இல்லை.

சின்னவள்

(உன் கணவருக்குக் கண்ணாடி சரியாக இருக்கிறதா? இடது கண்ணுக்குப் பவர் கொஞ்சம் கூட வைத்தேன். தலை வலித்தால் எழுது.)

ஏப்ரல் 2

சின்னவளுக்கு,

தலை வலிக்கவில்லையாம். "அந்தப் பொண்ணு நல்லா பாத்துக் குடுத்துச்சு" என்கிறார். யார் அந்தப் பெண் என்று இப்போதுதான் அவரிடம் சொன்னேன். ஓட்டிக்கொண்டிருந்த பேருந்தை நடுவழியில் நிறுத்தினவர் மாதிரி அப்படியே நின்றுவிட்டார்.

நீ எழுதியது எல்லாம் சரி. ஒன்றை மட்டும் சொல்லிக்கொள்கிறேன். உன்னிடம் சொல்லாமல் போனது உன்னை நம்பாததால் அல்ல. ஏழு மணிக்கு உன்னைக் கேட்பார்கள். உனக்குப் பொய் வராது. சொல்லியிருந்தால் அன்றைக்கே உண்மையைச் சொல்லியிருப்பாய், பேருந்து நிலையத்தில் என்னைப் பிடித்திருப்பார்கள். சொல்லாமல் போனால் உனக்கு மறைக்க எதுவும் இருக்காது என்று நினைத்தேன். மறைக்க எதுவும் இல்லாதவளைத்தான் அதிகம் கேட்பார்கள் என்று எனக்கு அப்போது தெரியவில்லை.

நான் தப்பித்தேன் என்கிறாய். கேள். நான் இங்கே ஒரு பெரிய ஹோட்டலின் சலவைக் கூடத்தில் வேலை செய்கிறேன். நாள் முழுக்க நீராவி. வெள்ளை விரிப்புகளை இரண்டிரண்டு பேராக மடிப்போம். நான்கு மூலையையும் சேர்த்துக்கொண்டு நடந்து வருவோம். எதிரில் இருப்பவள் முகம் ஆவியில் தெரிந்து தெரிந்து மறையும். வந்த முதல் வருடம், சாயங்காலம் ஏழு மணி நெருங்கினால் எனக்கு நாக்கு உலர்ந்துவிடும். யாரும் கேட்க மாட்டார்கள் என்று தெரியும். தெரிந்தும் மூலையிலிருக்கும் ஆவிக் குழாயின் முன்னால் போய் நின்றுகொண்டு, ஆறு மணிக்கு எழுந்தேன், ஆறரைக்குக் குளித்தேன் என்று முணுமுணுத்துக்கொண்டிருப்பேன். ஒருநாள் என்னோடு மடிக்கிறவள் பார்த்துவிட்டாள்.

"யாருகிட்ட பேசுற?"

"யாருமில்ல."

"யாருமில்லாதவர்கிட்ட இவ்வளவு பயந்தா பேசுவாங்க?" என்றாள்.

இன்னமும் கடையில் துணி எடுக்கப் போனால் எந்த நிறம் வேண்டும் என்று எனக்குச் சொல்லத் தெரியாது. பட்டாணிதான் சொல்வாள். அவளும் இப்போதெல்லாம் என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறாள்.

அக்கா

ஏப்ரல் 21

அக்காவுக்கு,

ஒரு சேதி. அப்பா ஊரில் இல்லை. தூரத்தில் ஒரு புதிய தொழிற்சாலையில் பாய்லர்கள் பொருத்துகிறார்களாம். கூடவே இருந்து சோதிக்க எட்டு வாரம் அனுப்பியிருக்கிறார்கள். இத்தனை வருடத்தில் அவர் ஒரு ராத்திரிகூட வெளியே தங்கியதில்லை. போகும்போது செய்ய வேண்டியவற்றை முழுத்தாளில் இரண்டு பக்கமும் எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டுப் போனார். வாரம் ஒருமுறை, ஒவ்வொரு நாளும் என்ன நடந்தது என்று நாங்கள் அவருக்கு எழுத வேண்டும்.

நீ சிரிப்பாய். அவர் போன அன்று ஏழு மணிக்கு அம்மா வந்து அவளுடைய முக்காலியில் உட்கார்ந்தாள். நான் போய்க் காலி நாற்காலியின் முன்னால் நின்றேன். யாரும் கூப்பிடவில்லை. "ம், சொல்லு" என்றாள் அம்மா. சொன்னேன். ஒன்பது மணிக்குக் கடை, ஒன்பதே காலுக்கு லென்ஸ் வந்தது, பத்துக்கு ஒரு பெரியவர் வந்தார்... முழுவதும். நாற்காலியின் மெத்தையில் அவர் உட்கார்ந்து உட்கார்ந்து விழுந்த குழியைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். நான்கு நாள் இப்படியே.

ஐந்தாவது நாள் என்ன ஆனதென்று எனக்கே புரியவில்லை. "சாயங்காலம் ஆறு மணிக்கு..." என்று ஆரம்பித்தேன். கடையைப் பூட்டினேன் என்று சொல்ல வேண்டும். அதற்குப் பதிலாக, "படகுல வீட்டுக்கு வந்தேன்" என்றேன்.

அக்கா, இந்த ஊரில் ஆறு ஏது? குளம்கூடக் கிடையாது.

எனக்குக் காது சூடாகிவிட்டது. வாழ்க்கையில் நான் சொன்ன முதல் பொய். அதையும் இப்படி ஒரு மட்டமான பொய்யாகச் சொல்லியிருக்கிறேன் பார். அம்மா அசையவில்லை. பிறகு மெதுவாக, நாற்காலிக்குக் கேட்டுவிடக் கூடாது என்பது போல, அவள் கேட்டாள்:

"படகுல வேற யாரு இருந்தா?"

சின்னவள்

மே 6

சின்னவளே,

உன் கடிதத்தைச் சலவைக் கூடத்தில் வைத்துப் படித்தேன். ஆவியில் தாள் நமத்துப்போகிற வரைக்கும் திரும்பத் திரும்பப் படித்தேன். நம் அம்மாவா? வாசலில் யார் வந்தாலும் "அவர் இல்லை" என்பதற்கு மேல் பேசாத நம் அம்மாவா கேட்டாள்?

படகில் யார் இருந்தார்கள்? என்னிடம் சொல்.

பட்டாணியிடம் ஒருநாள் வேண்டுமென்றே நான் தண்ணீரைக் கொட்டினேன். "ஐயோ, அம்மா கொட்டிட்டேன்" என்று சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. "நீ சிரிச்சா, அதுக்கப்புறம் பேசாம இருப்பியோன்னு பயமா இருக்கு" என்றாள். ஒரே நாளில் சரியாகிவிடும் என்று நினைத்த எனக்கு இது வேண்டும்தான். ஆனால் நேற்று அவளாகவே ஒரு கோப்பையைச் சாய்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். சோதிக்கிறாள். அவள் தாத்தாவின் பேத்தி அல்லவா! நான் துடைத்தேன். இன்னொரு தடவை சாய்த்தாள். துடைத்தேன். மூன்றாவது தடவை எனக்கே கோபம் வந்துவிட்டது. "போதும்டி, முதுகு ஒடியுது" என்று கத்தினேன். ஆச்சரியம் கேள், அப்போதுதான் அவள் சிரித்தாள். கத்தினால் பயம் இல்லையாம். சும்மா பார்த்தால்தான் பயமாம்.

சின்னவளே, அப்பா திரும்புவதற்குள் இரண்டு பேரும் இங்கே வந்துவிடுங்கள். செவ்வாயும் வெள்ளியும் காலை பத்து மணிக்கு உன் மாமா ஓட்டும் பேருந்து உங்கள் ஊரிலிருந்து புறப்படுகிறது. இரண்டு அறைதான், நெருக்கியடித்துக்கொள்ளலாம். யோசிக்காதே. யோசித்தால் வர மாட்டாய்.

அக்கா

மே 20

அக்காவுக்கு,

படகில் முதல் நாள் யாரும் இல்லை. இரண்டாம் நாள் அம்மாவும் ஏறிக்கொண்டாள். இப்போது ஏழு மணி எப்போது வரும் என்று இருவரும் காத்திருக்கிறோம். ஒருநாள் நான் சொல்வேன், ஒருநாள் அவள். இத்தனை வருடம் பக்கத்து முக்காலியில் உட்கார்ந்து நாம் ஒப்பிப்பதைக் கேட்டாளே, அவளை யாராவது "இன்றைக்கு நீ என்ன செய்தாய்" என்று கேட்டோமா?

அவள் சொல்கிற ஊர் இந்த ஊர்தான், ஆனால் வேறு மாதிரி. காலையில் கதவைத் திறந்தால் படி இல்லை, தண்ணீர். தெரு முழுக்கத் தண்ணீர், அசங்காமல், பச்சையாக. படகு கேட்டில் கட்டியிருக்கிறது. எதிர்வீட்டுக்காரர்கள் மாடி ஜன்னலிலிருந்து கை ஆட்டுகிறார்கள். தபால் பெட்டியின் தலை மட்டும் சிவப்பாக வெளியே தெரிகிறது. துடுப்புப் போடத் தேவையில்லையாம். எங்கே போக வேண்டும் என்று நினைக்காமல் இருந்தால் போதும், அதுவே போகுமாம். அவள் சொல்லிக்கொண்டிருக்கும்போது எனக்கு முட்டி வரைக்கும் சில்லென்று இருக்கும்.

திங்கட்கிழமை சொன்னாள்: "இன்னிக்குப் படகு பெரியவ வீட்டு வாசல்ல போய் நின்னுச்சு. நான் கதவைத் தட்டல. ஜன்னல் வழியா பாத்தேன். வெள்ளைத் துணி நிறைய காயுது. ஒரு குட்டிப் பொண்ணு நிக்குது. பாத்துட்டுத் திரும்பிட்டேன்."

உன்னைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை அக்கா, சத்தியமாக. ஓடிப்போய்க் கடைப் பையிலிருந்து உன் கடிதங்களை எடுத்து வந்து அவள் மடியில் வைத்தேன். அழுவாள் என்று பார்த்தேன். முதலில், "இதை ஏன் வீட்டுல வச்சிருக்க? அவர் பாத்தா?" என்றாள். பிறகு ஒவ்வொன்றாகப் படித்தாள். படித்து முடித்து ஒன்று சொன்னாள். அதை உன்னிடம் எழுதச் சொன்னாள்.

உனக்கு நர்ஸ் பயிற்சிக்கு இடம் கிடைத்துத் தபால் வந்ததே, அது அப்பா கையில் எப்படிப் போயிற்று என்று உனக்குத் தெரியுமா? தபால்காரர் அம்மாவிடம்தான் கொடுத்தார். "பெரியவ பேருக்கு வந்ததுன்னு தெரியும், அது என்னன்னும் தெரியும். மறைச்சு வச்சிருந்தா ஆயிரம் இடம் இருந்துச்சு. ஆனா தபால் வந்தா மேசைமேல வைக்கணும்னு விதி. வச்சுட்டேன். கை தானா வச்சுடுச்சு" என்றாள். அவர் அதைக் கோப்பில் போட்டு மூடினார். நீ பத்தாவது நாள் போனாய்.

வெள்ளிக்கிழமை பேருந்தைப் பற்றிக் கேட்டேன். "நீ போ. நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வர்றது?" என்கிறாள்.

சின்னவள்

மே 28

சின்னவளுக்கு,

ஆறு நாள் எழுத முடியவில்லை. அப்பாதான் தபால் பெட்டியைத் திறந்து எடுத்திருப்பார் என்றே இத்தனை நாளும் நினைத்திருந்தேன். அப்பாவின் மேல் கோபம் இருப்பது சுலபம். அது ஒரு சுவர், சாய்ந்துகொண்டே காலத்தை ஓட்டிவிடலாம். அம்மாவின் மேல் இருந்தால் எங்கே சாய்வது?

நான் நோயாளிகளின் கட்டிலுக்கு விரிப்பு விரித்திருக்க வேண்டியவள். ஹோட்டல் கட்டில்களுக்கு மடித்துக்கொண்டிருக்கிறேன். செவ்வாய்க்கிழமை விரிப்பை இழுத்த இழுப்பில் எதிரில் இருந்தவள் தடுமாறிப்போனாள்.

மன்னித்துவிட்டேன் என்று எழுத உட்கார்ந்தேன், கை வரவில்லை. பொய் எனக்கு வரும் என்றாயே, இது வரவில்லை. ஆனால் உள்ளறைக் கட்டிலுக்கு விரிப்பு மாற்றி வைத்திருக்கிறேன். தலையணை இரண்டு. பட்டாணி தினமும் அதன் மேல் ஏறிக் குதித்துக் கசக்குகிறாள், நான் தினமும் சரிசெய்கிறேன். இதை அம்மாவிடம் அப்படியே சொல்.

எந்த மூஞ்சியும் வேண்டாம். இருக்கிற மூஞ்சியோடு வரச் சொல்.

அக்கா

ஜூன் 12, பேருந்தில்

அக்கா,

இதைத் தபாலில் போடப் போவதில்லை. மாமாவின் பேருந்தில் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து எழுதுகிறேன். கையில்தான் தருவேன். நேரில் சொல்லப் போனால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பேன், இல்லாவிட்டால் அழுவேன். எழுத்து குலுங்குகிறது, பொறுத்துக்கொள்.

உன் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அன்று ஏழு மணிக்கு அவள் படகைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. அப்பாவுக்கு வாரக் கடிதம் எழுத வேண்டிய நாள். "குடு, நான் எழுதறேன்" என்று வாங்கி எழுதினாள். உறையை ஒட்டும்போதுதான் பார்த்தேன். "திங்கள், வழக்கம்போல். செவ்வாய், நானும் சின்னவளும் படகில் போனோம். காற்று நன்றாக இருந்தது. புதன், வழக்கம்போல்."

"அம்மா, என்ன இது?"

"நடந்ததை எழுதணும்னுதானே சொல்லியிருக்கார்?" என்றாள்.

நான்காம் நாள் அவர் வந்து நின்றார். எட்டு வாரம் முடிய இன்னும் சில நாள் இருந்தது. பெட்டியைக்கூட உள்ளே வைக்கவில்லை, நாற்காலியில் உட்கார்ந்து கடிதத்தைப் பிரித்தார். மணி ஏழா என்று கடிகாரத்தைப் பார்த்தேன். நாலரைதான். அவர் நேரம் தவறி உட்கார்ந்து அன்றுதான் பார்க்கிறேன்.

"இந்த ஊர்ல ஆறே இல்ல. எந்தப் படகு?"

அம்மா முக்காலியை இழுத்து அவருக்கு நேர் எதிரில் போட்டு உட்கார்ந்தாள்.

"அதை அப்புறம் சொல்றேன். நீங்க சொல்லுங்க. இத்தனை நாளா எங்க இருந்தீங்க, என்ன செஞ்சீங்க. ஒவ்வொரு நாளா சொல்லுங்க."

"என்ன கேள்வி இது?"

"இந்த வீட்டுல தினமும் கேக்கற கேள்விதான்."

அக்கா, அவர் சொன்னார்! அதுதான் எனக்கு இன்னும் ஆச்சரியம். கேள்வி கேட்டால் பதில் சொல்ல வேண்டும் என்பது அவர் விதிதானே. முதல் நாள் ஏழரைக்குத் தொழிற்சாலை, எட்டுக்கு முதல் பாய்லர், பன்னிரண்டுக்குச் சாப்பாடு என்று கடகடவென்று போனார். சாயங்காலம் வந்ததும் குரல் மெலிந்தது. "ஆறு மணிக்கு அறைக்கு வந்தேன்."

"அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லைன்னா?"

அவர் நம்மிடம் கேட்பது போலவே கேட்டாள். அவர் கடிதத்தை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். சட்டைக் காலர் கழுத்துக்குப் பெரிதாகியிருந்தது. இளைத்திருக்கிறார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது, பாவமாக இருந்ததற்காக என் மேலேயே கோபமாகவும் இருந்தது. "போதும்" என்றார்.

"எனக்கு முப்பத்திரெண்டு வருஷமா போதும்" என்றாள் அம்மா. "வெள்ளிக்கிழமை நாங்க பெரியவ வீட்டுக்குப் போறோம்."

"யாரைக் கேட்டு?"

"கேக்கல. சொல்றேன்."

அவர் எழுந்து உள்ளே போய்விட்டார். மூன்று நாள் யாரோடும் பேசவில்லை. ஏழு மணிக்கு நாற்காலி காலியாகவே இருந்தது. இன்று காலை நாங்கள் புறப்படும்போது வாசலுக்கு வந்தார். தடுப்பார் என்று நினைத்தேன். குனிந்து எங்கள் பெட்டியின் கொக்கிகளை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தார். ஒன்று சரியாக மாட்டியிருக்கவில்லை, மாட்டிவிட்டார். நிமிராமலே, "எப்ப வருவீங்க?" என்றார்.

"தெரியல" என்றாள் அம்மா.

வேலைக்கு என்ன செய்வேன் என்று எனக்கும் தெரியவில்லை. கண்ணாடிக்கடைக்காரர் உங்கள் ஊரில் அவருக்குத் தெரிந்த கடைக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார். அப்பா தனியாக என்ன சாப்பிடுவார் என்றும் நினைக்கிறேன். நினைக்காமல் இருக்க இன்னும் வரவில்லை.

ஒன்றை மட்டும் சொல்லி முடிக்கிறேன். பாதி வழியில் ஒரு சாலையோரக் கடையில் பேருந்தைப் பதினைந்து நிமிடம் நிறுத்தினார் மாமா. அம்மா யாரிடமும் எதுவும் சொல்லாமல் இறங்கினாள். கடைக்குப் பின்னால் ஒரு மண்பாதை, அதன் முடிவில் மரங்கள், அதற்கப்பால் வெயிலில் ஏதோ பளபளவென்று தெரிந்தது. அந்தப் பக்கம் நடந்தாள். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். மரங்களுக்குள் போனதும் அவளைக் காணவில்லை. பதினைந்து நிமிடம் இருபது ஆயிற்று, இருபத்தைந்து ஆயிற்று. பின்னாலிருந்து யாரோ, "டிரைவர், எடுங்க" என்றார்கள். மாமா ஹாரன்மேல் கை வைக்கவே இல்லை. புதுக் கண்ணாடியைக் கழற்றி நிதானமாகத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அப்புறம் வந்தாள். நெற்றியோர முடி கலைந்திருந்தது. முகத்தில், என்ன சொல்வது, நான் அதுவரை பார்த்திராத ஒரு சோம்பல். என் பக்கத்தில் உட்கார்ந்தாள், கண்ணை மூடிக்கொண்டாள். பேருந்து புறப்பட்டது.

எங்கே போயிருந்தாள், இவ்வளவு நேரம் என்ன செய்தாள் என்று அவள் சொல்லவில்லை. நான் கேட்கவில்லை. நீயும் கேட்காதே, அக்கா.

சின்னவள்